செல்போனும் காரும் நம் வியாபார ரகசியமும்



நம் மாவட்டத்தில் மொத்த வியாபாரம் செய்பவனுக்குக் கார் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. மாசி, பங்குனியில் புளி வரத்து இருக்கும் நாட்களில் காலையில் பென்னாகரம், மதியம் பாப்பிரெட்டிப்பட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிருஷ்ணகிரி என்று சுற்றினால்தான் நல்ல சரக்கு கைக்கு வரும். பாலக்கோட்டில் தக்காளி எடுப்பவர்களுக்கு அந்த நேரம்கூடக் கிடையாது. விலை மணிக்கு மணி மாறும். இந்த ஓட்டத்தின் நடுவே போன் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்காமல் விட்டால் லோடு போய்விடும். எடுத்தால் தலை போனாலும் போகலாம்.

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், ஓட்டும்போது கையில் செல்போன் பிடித்துப் பேசுவது அபாயகரமாக ஓட்டும் குற்றத்தோடு சேர்க்கப்பட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்குகிறவன் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக இருக்கக் கூடாது என்பது நம் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆகவேதான் காரின் முகப்பில் திரை வைத்து, போனை அந்தத் திரையோடு இணைக்கும் ஏற்பாடு வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2014இல் கார்ப்ளே என்றும், கூகுள் நிறுவனம் 2015இல் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றும் கொண்டுவந்தன. இன்று நடுத்தர விலைக் காரிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. வந்த போனை ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசலாம். வழி பார்க்கலாம். நல்ல வசதிதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் வசதி என்று நம்பி வாங்கியவர்கள் படும் பாட்டைச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒரு பொழுது போய்விடும். பாதி வழியில் திரை கறுத்துப் போகிறது. வண்டியை ஓரம் கட்டி, வயரைப் பிடுங்கிச் செருகி, போனை அணைத்துப் போட்டால் மீண்டும் வருகிறது. இதில் பாதிக் குற்றம் வயருடையது. சந்தையில் 50 ரூபாய்க்கு விற்கும் வயர்களில் பல சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தும் கம்பி உள்ளே இருக்காது. வயரே இல்லாமல் இணைக்கும் வகையில் புளூடூத் கைகோத்துக் கொடுக்க, வைஃபை வேலை செய்கிறது. சித்திரை வெயிலில் போன் அடுப்புக்கல் போலச் சுடுகிறது. குரலில் சொன்னால் போதும் என்கிறார்கள். நாம் "பாப்பாரப்பட்டி மாமாவுக்குப் போடு" என்றால் அது வேறு யாருக்கோ போடுகிறது. ஒரு தடவை நாம் திட்டியதையும் பெயர் என்று எண்ணித் தேடியது. கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் சொன்னால், "சாப்ட்வேர் அப்டேட் வரும் சார்" என்பதோடு சரி. இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பொறுத்துக்கொள்ளலாம். நாம் எழுத வந்தது இதைப் பற்றியும் அல்ல.

புதுக் காரைச் சாவி கொடுத்து ஒப்படைக்கும் நாளில், மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்த அவசரத்தில் ஷோரூம் பையன் நம் போனை வாங்கிக்கொள்கிறான். "எல்லாத்துக்கும் ஓ.கே. கொடுத்துடறேங்க சார், அப்பதான் வேலை செய்யும்" என்கிறான். அந்த "எல்லாம்" என்பது என்ன? போனில் உள்ள பெயர்ப் பட்டியல், யாரிடமிருந்து எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது என்ற விவரம், எஸ்.எம்.எஸ். படிக்கும் உரிமை, நாம் நிற்கும் இடம், மைக், நாட்காட்டி, வரும் அறிவிப்புகள். நம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கேட்டிருந்தால் அவனிடம் கொடுத்திருப்போமா?

கல்லாவில் இருப்பது ஒருநாள் பணம். போனில் இருப்பது ஒருவருடைய முப்பது, நாற்பது வருட வியாபாரம். எந்த ஊரில் எந்த விவசாயி கொட்டை எடுத்த புளியைச் சுத்தமாகத் தருவார், யார் ஈரம் சேர்ப்பார், எந்தக் கடைக்காரர் எட்டு நாளில் பணம் கொடுப்பார், யாருக்கு நாற்பது நாள் விட்டாலும் இழுக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம்மில் பலர் போனில் பெயர் போடும் விதமே அப்படித்தான். வெறும் பெயரைப் போடுவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஊர், சரக்கு, தவணை எல்லாம் சேர்த்தே போட்டு வைக்கிறோம்.

வியாபார ரகசியம் என்பது நமக்குப் புதிது அல்ல. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நூறு பேர் சுற்றி நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஜவுளிக் கடைகளில் அடக்க விலையை எண்ணில் எழுதாமல் அந்தந்தக் கடைக்குரிய எழுத்துக்களில் சீட்டில் எழுதி வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்கு நன்னூல் நடத்திய தமிழய்யா குழூஉக்குறி என்று சொல்லிக் கொடுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள் என்று உதாரணம் காட்டினார். தொழில் செய்கிறவன் தனக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்வது இலக்கணத்திலேயே ஏறிய பழக்கம். டிரங்க் கால் காலத்தில் வெளியூர் மண்டிக்குப் பேசும்போது எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் காதில் விழும் என்று தெரிந்தே பெரியவர்கள் விலையைச் சங்கேதமாகச் சொன்னார்கள். அன்று கேட்கக்கூடியவர் ஒருவர். அவர் யார், எந்த ஊர் என்பதும் நமக்குத் தெரியும்.

இன்று கேட்பது யார்? இதில் ஒன்றோடு ஒன்றைக் குழப்பாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இரண்டிலும் வேலை நடப்பது போனில். கார்த் திரை சினிமாத் துணி மாதிரி, படத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இங்கே நம் விவரம் போவது போனுக்கு மென்பொருள் செய்த நிறுவனத்திடம். அதற்குப் பக்கத்திலேயே புளூடூத் என்று இன்னொரு இணைப்பு இருக்கிறது. முதல் தடவை இணைக்கும்போது "தொடர்புகளையும் அழைப்பு விவரங்களையும் பகிரலாமா" என்று போன் கேட்கும். சரி என்றால் நம் பெயர்ப் பட்டியல் காருக்கு நகலாகப் போய்விடும். பல கார்களில் அது காரின் நினைவகத்திலேயே தங்கிவிடும். வேண்டாம் என்று சொன்னாலும் பேச்சு வேலை செய்யும். இதை எந்த ஷோரூமிலும் சொல்வதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். நம் நண்பர் ஒருவர், அவரும் வியாபாரிதான், சேலத்தில் பழைய கார் ஒன்று வாங்கி வந்தார். வாங்கிய மறுநாள் பெட்ரோல் பங்க்கில் நின்றபோது திரையைத் தட்டிப் பார்த்தார். முந்தைய சொந்தக்காரரின் போன் பெயர் அப்படியே இருந்தது. அதைத் தொட்டதும் பெயர்ப் பட்டியல் வந்தது. அவர் வெல்ல வியாபாரி என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரிந்தது. ஆலைக்காரர்கள், கடைக்காரர்கள், லாரி புக்கிங் ஆபீஸ், டாக்டர், மகள் வீடு. சில பெயர்களுக்குப் பக்கத்தில் தவணை நாள். இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் கொடுக்கல் வாங்கலில் எச்சரிக்கை என்று பொருள்படும் ஒரு சொல், அதை அச்சில் போட முடியாது. நண்பர் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். நாமும் அவரும் வேறு சரக்கு என்பதால் போயிற்று. அதே வெல்லத்தில் இருப்பவன் கையில் அந்தக் கார் கிடைத்திருந்தால் அன்று மாலைக்குள் இருபது பேருக்குப் போன் போட்டு, கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லியிருப்பான். நண்பர் பட்டியலை அழித்துவிட்டு, விற்றவருக்குத் தரகர் மூலம் தகவல் சொல்லி அனுப்பினார். அந்த மனிதர், "காரைத்தானே விற்றேன்" என்று கேட்டாராம்.

வாடகைக் காரிலும் இதே கதைதான். ஓசூர் போக வண்டி எடுத்தால், பாட்டுக் கேட்பதற்கும் வழி பார்ப்பதற்கும் போனை இணைத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறோம். அடுத்து ஏறுகிறவன் யாரோ!

மூன்றாவது வகை, காரே நேராகப் பேசுவது. 2019இல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் போன்ற கார்கள் உள்ளேயே சிம் பொருத்தி, இணைய வசதியோடு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. இப்போது பெரும்பாலான கம்பெனிகள் இந்த வசதியைத் தருகின்றன. கார் எங்கே நிற்கிறது என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம், திருடு போனால் கண்டுபிடிக்கலாம். நமக்குத் தெரிவது எதுவோ, அது கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நமக்கு வருகிறது என்பதை மறக்கக் கூடாது. பயர்பாக்ஸ் மென்பொருளைச் செய்யும் மொசில்லா அமைப்பு 2023 செப்டம்பரில் 25 கார் கம்பெனிகளின் தகவல் கொள்கைகளைப் படித்துப் பார்த்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்று அறிவித்தது. அவை மேல்நாட்டு நிபந்தனைகள்தான் என்றாலும், அந்தப் பட்டியலில் நம் ரோட்டில் ஓடும் பெயர்களும் உண்டு.

அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டால் நம்மில் சிலருக்குத் தூக்கம் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், சொந்தக்காரர் எங்கே பிரேக்கை அழுத்தினார், எவ்வளவு வேகமாகப் போனார் என்ற விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தகவல் நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கைக்குப் போனதாக 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிரீமியம் ஏன் ஏறியது என்று தெரியாமல் திகைத்தவர்களுக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனி மேல் நடவடிக்கை எடுத்து, அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஐந்து வருடம் விவரம் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி நம் நாட்டில் கார் விற்பதை 2017லேயே நிறுத்திவிட்டது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்பப் பிரீமியம் வாங்கும் திட்டங்களை நம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2022 ஜூலையில் அனுமதித்திருக்கிறது. நன்றாக ஓட்டுகிறவனுக்கு லாபம் என்கிறார்கள். இருக்கலாம். அந்தக் கணக்கை எழுதுகிறவன் யார் என்பதுதான் நம் கேள்வி.

சிலர் கேட்கிறார்கள்: ஏற்கெனவே ஃபாஸ்டேக் இருக்கிறது, பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினாலே பதிவாகிறது, இ-வே பில்லில் லாரி நம்பரும் சரக்கும் இருக்கிறது, ஜி.எஸ்.டி.யில் கொள்முதலும் விற்பனையும் இருக்கிறது, இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று. வரி கட்டுகிறவன் வரி அதிகாரிக்குக் கணக்குக் காட்டுவது சட்டம். அதிகாரி அந்தக் கணக்கை நம் எதிர்க்கடைக்காரரிடம் கொடுத்தால் வழக்குப் போடலாம். தனியார் கம்பெனியிடம் விழுந்த கணக்குக்கு அந்த மாதிரி முகம் இல்லை. அதே கம்பெனியோ அதன் பங்காளியோ நாளை நம் தெருவிலேயே மொத்தக் கடை வைக்கலாம். இது வீண் பயம் அல்ல. அமேசான் தளத்தில் கடை போட்ட சிறு வியாபாரிகளின் வெளித்தெரியாத விற்பனை விவரங்களை அமேசானே தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது என்ற புகார் ஐரோப்பாவில் எழுந்தது. 2022 டிசம்பரில், இனி அப்படிப் பயன்படுத்தமாட்டோம் என்று அந்தக் கம்பெனி கொடுத்த உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் ஏற்றுக் கட்டாயமாக்கியது. நம் போனில் உள்ள பட்டியலை வைத்து யாரும் இன்று அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. செய்யக்கூடிய இடத்தில் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்கிறோம்.

பெயர்ப் பட்டியலின் மதிப்பு நம்மைவிட ரிசர்வ் வங்கிக்கு நன்றாகத் தெரியும். ஆப் மூலம் கடன் கொடுத்தவர்கள், கடன் வாங்கியவரின் போனில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டு மானத்தை வாங்கிய கொடுமையால் சிலர் உயிரையே விட்டார்கள். அதன் பிறகுதான் 2022 செப்டம்பரில் வந்த நெறிமுறையில், கடன் ஆப்கள் போனில் உள்ள பெயர்ப் பட்டியல், அழைப்பு விவரம், கோப்புகள் எதையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கடன் ஆப்புக்கு ஆகாது என்றால் கார்த் திரைக்கு மட்டும் எப்படி ஆகும்?

சரி, நம் விவரத்தை நம்மிடமே வைத்திருக்கும் போன் ஏதாவது உண்டா? இந்த ஒரு வருடமாக நாம் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். முதலில் பெரியவர்கள் சொல்வது பட்டன் போன். அதில் வேவு பார்க்க இடம் குறைவு, சார்ஜும் நிற்கும். பணம் அனுப்புவதற்கும் 2022இல் யு.பி.ஐ. 123பே என்ற முறை வந்துவிட்டது. ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்றிருந்த வரம்பை 10,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனால் மொத்த வியாபாரிக்குப் பத்தாயிரம் எந்த மூலைக்கு? சரக்கின் படம் வாட்ஸ்அப்பில் வராமல் இன்று விலை பேச முடியுமா? பட்டன் போன் இரண்டாவது போனாக இருக்கலாம், அவ்வளவே.

மாற்று மென்பொருள் போன்கள் நம் நாட்டில் வராமல் இல்லை. 2014இல் மொசில்லாவின் பயர்பாக்ஸ் மென்பொருளோடு இன்டெக்ஸ் கம்பெனி 1,999 ரூபாய்க்கு ஒரு போன் விட்டது. நல்ல எண்ணம், ஆனால் நமக்கு வேண்டிய ஆப்கள் அதில் இல்லை, படுத்துவிட்டது. அதன் வழியில் வந்த கைஓஎஸ் மென்பொருள் 2017இல் ஜியோபோனில் ஏறியது. 2018இல் அதற்கு வாட்ஸ்அப்பும் கிடைத்தது. பிறகு அதுவும் கைவிடப்பட்டது. சந்தையில் சரக்கு நல்லதா என்பதைவிட, சரக்கு வாங்க ஆள் வருகிறானா என்பதுதான் கடையை நிறுத்துகிறது. வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு முயற்சி நடந்ததை உறுப்பினர்கள் அறிந்திருப்பார்கள். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் பார்ஓஎஸ் என்ற போன் மென்பொருளை அறிமுகம் செய்தார்கள். அங்கே வளர்க்கப்பட்ட ஜண்ட்காப்ஸ் என்ற நிறுவனம் செய்தது. இயக்குநர் காமகோடி அவர்கள் முன்னின்று அறிவித்தார், மத்திய அமைச்சர்கள் வந்து சோதித்துப் பார்த்தார்கள். போன் வாங்கும்போதே திணிக்கப்பட்ட ஆப் எதுவும் இருக்காது, வேண்டியதை மட்டும் நாமே ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. சிலர் இதைக் குறை சொன்னார்கள், உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டின் திறந்த மூலம்தானே என்று. நமக்கு அது குறையாகத் தெரியவில்லை. அடுத்தவன் தறியில் நெய்தாலும் துணி நமக்கு ஒத்துவந்தால் சரி. நம் வருத்தம் வேறு. ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்கென்று முதலில் கொடுத்தார்கள். அது சரிதான். ஆனால் நம் ஊர்ப் போன் கடைகளில் நாம் கேட்டபோது, ஒருவர் அது சிம் கார்டா என்று கேட்டார். கடைக்கு வராத சரக்குக்கு எவ்வளவு விளம்பரம் செய்து என்ன பயன்?

கிராபீன்ஓஎஸ் என்று வெளிநாட்டில் ஒன்று இருக்கிறது. விவரம் தெரிந்த இளைஞர்கள் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் இதில் ஓட்டலாம், எந்தெந்த உரிமை கொடுப்பது என்பதைத் தனித்தனியாக நாமே தீர்மானிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இது கூகுள் நிறுவனத்தின் பிக்சல் போன்களுக்காகச் செய்யப்பட்டது. கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போனையே வாங்க வேண்டும்! அதைவிடப் பெரிய தடை வங்கி ஆப்கள். போனில் இருப்பது கூகுள் சான்று கொடுத்த மென்பொருளா என்று சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் பல ஆப்கள் ஓட மறுக்கின்றன. பாதுகாப்பு அதிகமான போனைப் பார்த்துப் பாதுகாப்பு இல்லை என்று கதவடைப்பது என்ன நியாயமோ தெரியவில்லை. பிரான்சில் செய்யும் இ ஓஎஸ், நெதர்லாந்தின் ஃபேர்போன் என்றும் பெயர்கள் அடிபடுகின்றன. நம் ஊரில் ரிப்பேருக்கு எங்கே போவது?

ஐபோன்? ஓசூர்ப் பக்கத்தில் டாடா தொழிற்சாலையில் அதன் வேலை நடக்கிறது, நம் மாவட்டத்துப் பெண் பிள்ளைகள் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஒரு ஆப் மற்ற ஆப்களில் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று 2021இல் அந்தக் கம்பெனி ஏற்பாடு கொண்டுவந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. ஆனால் அதன் விலையில் ஒரு லோடு சரக்குக்கு முன்பணம் கொடுக்கலாம். தவிர, ஒரு பண்ணையாரை விட்டு இன்னொரு பண்ணையாரிடம் போவதற்குப் பெயர் விடுதலை அல்ல.

இத்தனை தேடியும் கைக்கு அகப்படாததற்குக் காரணம் நம் சோம்பேறித்தனம் அல்ல. போன் செய்பவர்களோடு கூகுள் போட்ட ஒப்பந்தங்களில், அதன் ஆப்களை மொத்தமாக ஏற்றியே தீர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருந்ததற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது. ஒரு கம்பெனி சோப்பு வேண்டுமென்றால் அதே கம்பெனியின் ஓடாத ஷாம்பூவையும் எடு என்று ஏஜென்சிக்காரர்கள் நம் தலையில் கட்டுவார்களே, அதே கதைதான்.

கம்பெனியை மட்டும் சொல்லி அரசை விட்டால் பாரபட்சம் ஆகும். 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை, புதுப் போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி என்ற ஆப்பை ஏற்றியே விற்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. திருட்டுப் போனைப் பிடிக்கவும் மோசடியைத் தடுக்கவும் என்றார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் கேட்காமல் திணித்தால் யார் திணித்தாலும் ஒன்றுதான். நாடு முழுதும் எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

சட்டம் நம் பக்கம் இல்லாமலும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளை அறிவித்தார்கள். எந்த விவரம் எதற்காக என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், விவரத்தை அழிக்கச் சொல்லலாம். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனிகளின் கடமைகளில் பெரும்பாலானவை விதி வந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை மாலை போட்ட காரின் முன் நின்று "எல்லாத்துக்கும் ஓ.கே." கொடுப்பது தொடரும்.

ஒன்றை நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டும். இதே சட்டம் நமக்கும் உண்டு. கால் கிலோ பருப்பு வாங்குகிறவரிடமும் போன் நம்பர் சொன்னால்தான் பில் வரும் என்கிற கடைகள் நம் கடைத்தெருவிலும் முளைத்துவிட்டன. நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. பில்லிங் மென்பொருளை விற்றவன் அந்த நம்பர்களை எங்கே வைத்திருக்கிறான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வாடிக்கையாளரின் பட்டியல் நம் கையில் அடமானம் வைத்த நகை மாதிரி. அடுத்தவன் பெட்டியில் போட்டுவிட்டு வட்டி வாங்க முடியாது.

நல்ல போன் கடைக்கு வரும்வரை இருக்கிற போனை வைத்தே செய்யக்கூடியவை சில உண்டு. வாடகைக் காரில் சார்ஜ் மட்டும் ஏற்றும் அந்த 50 ரூபாய் வயரைப் பயன்படுத்துங்கள், அதன் குறையே அங்கே குணம். புளூடூத்தில் இணைக்கும்போது பெயர்ப் பட்டியல் பகிரும் கட்டத்தில் டிக் எடுத்துவிடுங்கள். காரை விற்கும் முன், சர்வீசுக்கு நாள் கணக்கில் விடும் முன், திரையின் அமைப்புகளுக்குள் போய்த் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். கம்பெனி ஆப்பில் அந்தக் காரை உங்கள் பெயரிலிருந்து நீக்குங்கள். விற்ற பின்னும் ஆப் உங்கள் கையில் இருந்தால், வாங்கியவர் எங்கே போகிறார் என்று நீங்கள் பார்க்க முடியும், அதுவும் தவறுதான். போனில் இருப்பிட அனுமதியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று வைத்தால் போதும். ஆண்ட்ராய்டு போனில் விளம்பர அடையாள எண் என்று ஒன்று இருக்கும், அதை நீக்கிவிடலாம். பெயர்களுக்குப் பக்கத்தில் தவணையும் பாக்கியும் எழுதுவதை விட்டு, அவற்றை நோட்டில் எழுதலாம். நம் மண்டியில் இப்போது அப்படித்தான். பேரன் கேலி செய்கிறான், செய்யட்டும்.

சங்க நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இரண்டு. கார் ஒப்படைக்கும்போது எந்தெந்த அனுமதி எதற்கு என்று தமிழில் அச்சிட்ட தாள் ஒன்று கொடுக்க வேண்டும் என்று மாவட்டத்தில் உள்ள கார் விற்பனையாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.க்கும் ஒரு கடிதம் போக வேண்டும்: வியாபாரிகள் பயன்படுத்தும் வங்கி ஆப், யு.பி.ஐ., வாட்ஸ்அப், ஜி.எஸ்.டி. இவற்றோடு ஓடும் பார்ஓஎஸ் போன் சாதாரண விலையில் கடைக்கு வந்தால், முதல் நாளே எத்தனை உறுப்பினர்கள் வாங்கத் தயார் என்ற எண்ணிக்கையோடு. வெறும் பாராட்டுக் கடிதம் அங்கே நிறையப் போயிருக்கும், ஆர்டர் போயிருக்காது. எண்ணிக்கை எடுக்கும் நோட்டைச் சங்க அலுவலகத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தன்று காரில் இருக்கும் பட்டியலை அழிக்கும் முறையை விவரம் தெரிந்த பையன்கள் இரண்டு பேர் செய்து காட்டுவார்கள். வருகிறவர்கள் காரைக் கூட்ட அரங்கின் பின்பக்கம் நிறுத்தி, கார்ப் புத்தகத்தையும் கொண்டுவரவும். ஒவ்வொரு கம்பெனிக்கும் முறை மாறும்.